தெரிந்தவனின் மௌனம்

1995-இல் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்ற இளைஞர் கணினியிலேயே ஓர் ஏலக் கடை திறந்தார். பிற்பாடு ஈபே என்று உலகமெல்லாம் பெயர் பெற்ற கடை அது. அதில் முதன்முதலாக விலைபோன பொருள் ஒரு லேசர் சுட்டி. கூட்டங்களில் பேசுகிறவர்கள் திரையில் சிவப்புப் புள்ளி காட்டுவார்களே, அந்தக் கருவி. அதுவும் கெட்டுப்போனது. 14 டாலர் 83 சென்டுக்கு ஒருவர் அதை ஏலத்தில் எடுத்தார். ஒமிட்யாருக்கு மனம் கேட்கவில்லை. இது வேலை செய்யாது என்பது தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று அவருக்கு எழுதினார். கெட்டுப்போன லேசர் சுட்டிகளைச் சேகரிப்பதுதான் தம் வழக்கம் என்று பதில் வந்ததாம்.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் சேகரிப்பவனின் பைத்தியத்தை எண்ணிச் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டியதுதான். அந்தப் பைத்தியம் எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் இப்பொழுதெல்லாம் என் மனம் ஒமிட்யாரின் கேள்வியிலேயே போய் நிற்கிறது. பொருளின் குறை வாங்குகிறவனுக்குத் தெரியுமா என்று விற்கிறவன் கேட்டான். அப்படியானால் பொருளின் பெருமை விற்கிறவனுக்குத் தெரியுமா என்று வாங்குகிறவன் கேட்க வேண்டாமா?

கேட்காத ஒருவனை எனக்குத் தெரியும். நான்தான் அவன்.

தபால் தலை சேர்ப்பது பள்ளிக்கூட நாளிலிருந்து என்னைப் பிடித்த பழக்கம். முன்பு கடை கடையாக அலைந்தேன்; இப்போது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினிக்கு முன் உட்கார்ந்து, சேகரிப்பவர்களுக்கென்றே நடக்கும் ஓர் ஏலத் தளத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு நாள் அதில் ஒரு பழைய ஆல்பம் கண்ணில் பட்டது. "தாத்தாவுடையது. எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருக்கிறபடியே தருகிறேன்" என்று மூன்றே வரி. ஆரம்ப விலை 900 ரூபாய். கை நடுங்க எடுத்தது போன்ற ஆறு படங்கள். நாலாவது படத்தின் ஓரத்தில், பக்கத்துத் தலையின் நிழலில் பாதி மறைந்து, காந்தியடிகள் இருந்தார்.

1948 ஆகஸ்டு 15-ஆம் தேதி, சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவன்று வெளிவந்த காந்தி தலைகள் நான்கு. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். நாட்டுத் துணிக்காக ஒரு வாழ்நாள் ராட்டை சுற்றியவருடைய தலையை ஸ்விட்ஜர்லாந்தில் அச்சடித்து வாங்கினோம் என்பது வேறு கதை. அணாத் தலைகள் ஏராளமாகக் கிடைக்கும். பத்து ரூபாய்த் தலை அப்படியல்ல. அன்று பத்து ரூபாய் என்பது ஒரு குடும்பம் இரண்டு நாள் யோசித்துச் செலவிடும் தொகை. அதைத் தபால் தலைக்குக் கொடுத்தவர்கள் சொற்பம். அதிலும் கவர்னர் ஜெனரலின் உபயோகத்துக்காக "சர்வீஸ்" என்று மேலே அச்சிட்ட பத்து ரூபாய்த் தலைகளில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017-இல் ஐந்து லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. நான் பார்த்தது அந்த ரகம் இல்லை, சாதாரணத் தலைதான். ஆனாலும் அந்த ஒன்றின் விலையில் அப்படிப்பட்ட ஆல்பங்கள் எத்தனையோ வாங்கலாம்.

ஐந்து நாள் காத்திருந்தேன். இந்த ஏலங்களில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆவலைக் காட்டிக்கொண்டால் மற்றவர்களும் கூர்ந்து பார்ப்பார்கள். ஆகையால் முடிகிற நேரம் வரை சும்மா இருந்துவிட்டு, கடைசிச் சில விநாடிகளில் தொகையைப் போட வேண்டும். அந்த இரவு என் பேத்தி வந்து கதை சொல்லச் சொன்னாள். "கொஞ்சம் இரு, கண்ணு" என்று அவளை விரட்டிவிட்டு, எட்டு விநாடி இருக்கும்போது கேட்டேன். 2,300 ரூபாய்க்கு எனக்கே விழுந்தது.

பார்சல் வந்தது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டியிருந்தார் அந்த மனிதர். உள்ளே ஒரு துண்டுக் காகிதம். இந்த அருமை தெரிந்த ஒருவர் கைக்கு இது போவதில் தமக்குச் சந்தோஷம் என்று எழுதியிருந்தார்.

அருமை தெரிந்தவர்! அந்தச் சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

என் நண்பர் ஒருவர், பாங்கில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், தபால் தலைகளைப் பற்றி எனக்கு நாலு பங்கு தெரிந்தவர். அவரிடம் சொன்னேன். "இதிலே என்ன சார் தப்பு?" என்றார். "முப்பது வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்தீர்கள். அந்தப் படிப்புக்குக் கூலி வேண்டாமா? அந்த ஆள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேடியிருந்தால் விலை தெரிந்திருக்கும். அவருடைய சோம்பலுக்கு நீங்கள் ஏன் அபராதம் கட்ட வேண்டும்? அதுவும் போகட்டும், 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று எழுதுகிறவர்களில் பாதிப்பேர் எல்லாம் தெரிந்தவர்கள். போலித் தலையை ஒரு மூலையில் செருகிவைத்து, உங்களைப் போன்ற ஆசைக்காரர்களுக்குத் தூண்டில் போடுகிறவர்கள்!"

அவர் பேச்சைச் சுலபமாகத் தள்ள முடியாது. சட்டமே அவர் கட்சி. 1815-இல், இங்கிலாந்துடன் நடந்த யுத்தத்தால் ஏற்றுமதி நின்றுபோய், நியூ ஆர்லியன்ஸில் புகையிலை விலை விழுந்து கிடந்தது. சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி ஆர்கன் என்ற வியாபாரிக்கு ஒரு காலை வேளையில் முன்கூட்டியே எட்டியது. ஊரில் பரவுவதற்குள் போய் 111 பீப்பாய்ப் புகையிலைக்கு விலை பேசினார். விற்கிறவன் ஏதாவது செய்தி உண்டா என்று கேட்கத்தான் கேட்டான். ஆர்கன் வாயைத் திறக்கவில்லை. செய்தி பரவியதும் விலை நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை ஏறியது. வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போய், 1817-இல், தெரிந்ததைச் சொல்ல வேண்டிய கடமை வாங்குகிறவனுக்கு இல்லை என்று பிரதம நீதிபதி மார்ஷல் தீர்ப்புச் சொன்னார். ஏமாற்றும்படியாக எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் சட்டம் விட்டுவிடுகிற இடத்தில் மனம் விடுவதில்லை. ரோமாபுரியில் ஸ்கைவோலா என்று ஒருவர் நிலம் வாங்கப் போனார். விலையைச் சொல்லச் சொன்னார், சொன்னார்கள். இந்த நிலம் அதற்கு மேல் பெறும் என்று சொல்லி, கேட்ட விலைக்கு மேல் லட்சம் நாணயம் சேர்த்துக் கொடுத்தார். இதை எழுதிவைத்த சிஸரோ, எல்லோரும் அவரை நல்லவர் என்று ஒப்புக்கொள்கிறார்கள், புத்திசாலி என்றுதான் ஒப்புக்கொள்வதில்லை என்று வருத்தப்படுகிறார். நம்முடைய பட்டினப்பாலையிலும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றிச் சொல்லும்போது, விற்கையில் குறைத்துக் கொடுக்காததோடு, வாங்கும்போது மிகையாகக் கொள்ளாததும் அவர்களுடைய பெருமையாக வருகிறது. விற்பவனின் நேர்மையைப் பேசாத ஊர் இல்லை. வாங்குபவனின் நேர்மையைப் பற்றி யாராவது பேசினால்தான் நமக்குப் புதிதாக இருக்கிறது.

முகம் தெரியாத வியாபாரம்தான் நம்மைக் கெடுத்துவிட்டது என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. அது பொய். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில், வேண்டிய புத்தகத்தைக் கண்டுவிட்டால் அதைத் தொடமாட்டோம். வேண்டாத நாலு புத்தகத்தை எடுத்து விலை கேட்டுச் சலித்துக்கொண்டு, போகிற போக்கில் "இது என்ன?" என்போம். கடைக்காரர் முகம் எதிரேயே இருந்தது. ஆனாலும் எனக்கு அப்போது ஒரு நாளும் உறுத்தியதில்லை. ஏன்? அவர் வியாபாரி. எடைக்கு வாங்கி வந்து என்னிடம் ஏற்றி விற்கிறவர். இன்று நான் ஜெயித்தால் நாளை அவர் ஜெயிப்பார். இருவரும் சம்மதித்து ஆடிய ஆட்டம் அது.

தாத்தாவின் ஆல்பத்தை வேட்டித் துணியில் சுற்றி அனுப்புகிறவர் அந்த ஆட்டத்துக்கு வந்தவரல்லர். ஏலத் தளம் செய்கிற காரியம் என்னவென்றால், மூர் மார்க்கெட்டுக் கடைக்காரரையும், பரண் காலி செய்கிற பேரனையும், போலி விற்கிற எத்தனையும் ஒரே மாதிரி வரிகளுக்குப் பின்னால் நிறுத்திவிடுகிறது. யார் எவர் என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, கேட்பது. கேட்பதற்குப் பெட்டி இருக்கிறது. தட்டி எழுதினால் போகும். ஐந்து நாள் எனக்கு அவகாசமும் இருந்தது. ஆனால் கேட்டால் அவர் விழித்துக்கொள்வார். அதைவிட மோசம், அவர் உண்மையாகவே அறியாதவர் என்று எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு 2,300 ரூபாய்க்கு எடுக்க எனக்கே கை வராது. நண்பர் சொன்ன அந்தத் தூண்டில்காரன், ஏலம் முடிகிற வரையில் எனக்கு மிகவும் வேண்டியவனாக இருந்தான். அவன் இருக்கக்கூடும் என்ற சந்தேகத்தைப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்துக்கொண்டேன்.

ஏலம் முடிந்ததும் விற்றவருக்கு மதிப்பெண் போடச் சொல்லித் தளம் கேட்டது. பொருள் சொன்னபடி இருந்ததா? நன்றாகக் கட்டி அனுப்பினாரா? காலத்தில் வந்ததா? எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டேன். என்னைப் பற்றி அவரிடம் என்ன கேட்டிருப்பார்கள்? பணம் உடனே கட்டினேனா என்று கேட்டிருப்பார்கள். உடனே கட்டிவிட்டேன்.

இத்தகைய தலைகளை நிபுணர்களுக்கு அனுப்பி அசல்தான் என்று சான்றிதழ் வாங்குவது வழக்கம். பத்து ரூபாய்க் காந்திக்குப் போலிகள் அதிகம் என்பதால் வாங்கியே தீர வேண்டும். நான் இன்னும் அனுப்பவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அசல் மாதிரிதான் இருக்கிறது. போலி என்று யாராவது சொன்னால் எனக்குப் பெரிய நிம்மதி. அருமையான தலை கையில் இருக்க, அது போலியாக இருக்கக்கூடாதா என்று ஏங்குகிற சேகரிப்பாளனை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?

போன வாரம் மனசு கேளாமல் அவருக்கு எழுதினேன். தலையைப் பற்றி எழுதவில்லை. அவ்வளவு துணிச்சல் வரவில்லை. தாத்தா என்ன உத்தியோகம் பார்த்தார், எப்படி இந்தப் பழக்கம் வந்தது என்று மட்டும் விசாரித்தேன். மறுநாளே பதில் வந்துவிட்டது. தாத்தா தபால் ஆபீஸில் சார்ட்டர் வேலை பார்த்தாராம். அரைப்பட்டினி கிடந்து தலை வாங்குவார் என்று பாட்டி சொல்லுவாளாம். வீட்டில் இன்னும் இரண்டு ஆல்பங்கள் இருக்கின்றனவாம். "உங்களைப் போல விஷயம் தெரிந்தவருக்கே கொடுக்க ஆசை. ஏலத்தில் போடவில்லை. விலையை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், ஐயா" என்று முடித்திருந்தார். கூடவே எட்டுப் படங்கள் அனுப்பியிருக்கிறார். அவற்றை நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.