நிச்சயத்திற்கும் நிக்காஹ்விற்கும் இடையில்

  

   

கோடை விடுமுறைக் காலம் இது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் என்று நம் பகுதியில் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள். வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளைகள் லீவில் வந்திருப்பார்கள். பிள்ளை வந்திருக்கும்போதே பெண் பார்த்து, பேசி முடித்து, நிச்சயதார்த்தமும் வைத்து விடுவோம். நிக்காஹ் எப்போது என்று கேட்டால், "அடுத்த லீவில்", "மண்டபம் கிடைத்ததும்", "பெண்ணுக்குப் படிப்பு முடிந்ததும்" என்று பதில் வரும். ஆறு மாதம், ஒரு வருடம், சில வீடுகளில் அதற்கும் மேல்.

அந்த இடைவெளியில்தான் கோடை வருகிறது. ஒரு நாள் வண்டலூர் பூங்கா, ஒரு நாள் முட்டுக்காட்டில் படகு, ஒரு நாள் கோவளம், மாமல்லபுரம். சாயங்காலம் வேளச்சேரி மால். முதலில் இரண்டு குடும்பமும் வேன் எடுத்துப் போகும். அடுத்த முறை மாப்பிள்ளையின் நண்பர்களும் பெண்ணின் தோழிகளும் மட்டும். அதற்கடுத்த முறை ஒரே பைக்கில் இரண்டு பேர் மட்டும் ஈ.சி.ஆர். ரோட்டில். கேட்டால், "என்ன ஹஜ்ரத், நிச்சயம்தான் ஆகிவிட்டதே!" என்கிறார்கள்.

நிச்சயம் ஆகிவிட்டது, உண்மைதான். என்ன ஆகிவிட்டது என்பதை இன்று நாம் விளங்கிக் கொள்ள வேண்டும்.

நிச்சயம் தருவது என்ன, தராதது என்ன?

ஷரீஅத்தில் இதற்கு கித்பா என்று பெயர். பெண் கேட்பதும், பெண் வீட்டார் சம்மதிப்பதும் சேர்ந்த வாக்குறுதி இது. இந்த வாக்குறுதிக்கு மார்க்கத்தில் மதிப்பு உண்டு. ஒரு சகோதரன் பெண் பேசி வைத்திருக்கும் இடத்தில், அவன் விலகும் வரை அல்லது அனுமதி தரும் வரை, இன்னொருவன் பெண் கேட்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது புகாரீயிலும் முஸ்லிமிலும் வருகிறது.

அதே நேரம், இந்த வாக்குறுதியால் அந்தப் பெண் அவனுக்கு மனைவி ஆகிவிடவில்லை. அல்லாஹ் பாதுகாக்கட்டும், நாளைக்கு மாப்பிள்ளைக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அவளுக்கு அவன் சொத்தில் வாரிசுரிமை கிடையாது. அவள் இத்தா இருக்க வேண்டியதில்லை. நிச்சயம் முறிந்தால் அவளுக்கு மஹர் கிடையாது. முன்கூட்டி மஹராக ஏதாவது வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இப்போது நிக்காஹ் நடந்த பெண்ணைப் பாருங்கள். நிக்காஹ் முடிந்து, இன்னும் கணவன் வீட்டுக்கே போகவில்லை. அதற்குள் தலாக் ஆகிவிட்டது என்று வைத்துக் கொள்வோம். பேசிய மஹரில் பாதி அவளுக்கு உரியது என்று சூரா அல்பகராவின் 237ஆவது வசனத்தில் அல்லாஹ் சட்டம் இறக்கியிருக்கிறான்.

இன்னொரு சம்பவம். ஒருவர் ஒரு பெண்ணை நிக்காஹ் செய்தார். மஹர் எவ்வளவு என்று பேசவில்லை. சேர்ந்து வாழும் முன்பே இறந்துவிட்டார். இந்தப் பெண்ணுக்கு என்ன சட்டம் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களிடம் கேட்டு வந்தார்கள். அவளுடைய குடும்பத்துப் பெண்களுக்குக் கொடுக்கப்படும் அளவு மஹர் அவளுக்கு உண்டு, வாரிசுரிமை உண்டு, இத்தாவும் உண்டு என்று அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அப்போது மஅகில் பின் ஸினான் (ரலி) அவர்கள் எழுந்து, பிர்வஃ பின்த் வாஷிக் என்ற எங்கள் கோத்திரத்துப் பெண்ணின் விஷயத்தில் நபி (ஸல்) அவர்களும் இதே தீர்ப்பைத்தான் தந்தார்கள் என்று சாட்சி சொன்னார்கள். அதைக் கேட்டு இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மகிழ்ந்தார்கள் என்று திர்மிதீயில் காணலாம்.

கவனியுங்கள். ஒரு நாள்கூட சேர்ந்து வாழாத பெண்ணுக்கு நிக்காஹ் இவ்வளவு பாதுகாப்பைத் தருகிறது. ஒரு வருடம் மாப்பிள்ளையோடு ஊர் சுற்றிய பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் இதில் எதையும் தராது. மோதிரம் போட்டாலும் சரி, கேக் வெட்டினாலும் சரி, மண்டபத்தில் ஐந்நூறு பேருக்கு பிரியாணி போட்டாலும் சரி.

முறிந்தால் யார் தலையில் விழும்?

நிச்சயம் முறிவது நடக்கக் கூடியதுதான். குணம் ஒத்துவராது என்று தெரிந்தால், நிக்காஹ்விற்கு முன்பே விலகுவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் எப்படி முறிகிறது என்று பாருங்கள். பையன் அடுத்த மாதமே வேறு இடத்தில் பெண் பார்க்கப் போய்விடுகிறான். அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை பேசும்போதோ, "அந்தப் பையனோடு மாமல்லபுரமெல்லாம் போனாளாமே" என்ற பேச்சு முதலில் வந்து நிற்கிறது. கடற்கரையில் எடுத்த போட்டோக்கள், ட்ரோன் வைத்து எடுத்த வீடியோ, எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டாயிற்று. பையன் தன் பக்கத்தில் அழித்துவிடலாம். அவனுடைய நண்பர்கள் போனில் இருப்பதை யார் அழிப்பது?

ஆக, நாம் "சும்மா ஒரு அவுட்டிங்தானே" என்று சொல்லும் விஷயத்தில், ஆபத்து முழுவதும் பெண்ணின் பக்கம் இருக்கிறது. மகளைப் பெற்ற அத்தாமார்கள் இதை யோசிக்க வேண்டும். மகனைப் பெற்றவர்கள் இன்னும் அதிகமாக யோசிக்க வேண்டும். நாளை மருமகளாக வரப்போகிற பிள்ளையின் மானம் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

பார்க்கலாம், பேசலாம், தனியாக இருக்கக் கூடாது

"அப்படியானால் பார்க்கவே கூடாதா, பேசவே கூடாதா?" என்று வாலிபர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம்.

முகீரா பின் ஷுஅபா (ரலி) அவர்கள் ஒரு பெண்ணைப் பேசியபோது, அவளைப் பார்த்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும், போய்ப் பாரும், உங்களுக்கிடையே அன்பு நிலைக்க அதுவே ஏற்றது என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் சொன்னபோது, பெற்றோருக்கு அது பிடிக்காதது போல் தெரிந்தது. திரைக்குப் பின்னாலிருந்த அந்தப் பெண்ணே பேசினாள்: அல்லாஹ்வின் தூதர் சொல்லியிருந்தால் தாராளமாகப் பாருங்கள் என்றாள். அவர்கள் பார்த்தார்கள், மணந்தார்கள், ஒத்துப்போன வாழ்க்கையாக அது அமைந்தது. இப்னு மாஜாவில் இந்தச் செய்தி வருகிறது. பெண்ணைப் பார்க்கவே விடாமல் போட்டோவை மட்டும் காட்டி முடிக்கும் குடும்பங்களுக்கு இதில் பாடம் இருக்கிறது. அந்தச் சந்திப்பு பெற்றோர் இருக்கும் வீட்டில் நடந்தது என்பதும் பாடம்தான்.

தனித்திருப்பது வேறு. மஹ்ரம் உடன் இல்லாமல் ஓர் ஆண் ஒரு பெண்ணோடு தனித்திருக்கக் கூடாது, மஹ்ரம் இல்லாமல் பெண் பயணம் செய்யக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை குத்பாவில் சொன்னார்கள். உடனே ஒருவர் எழுந்தார். யா ரஸூலல்லாஹ், என் மனைவி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டுவிட்டாள், நானோ இன்ன போருக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றார். போரை விட்டுவிட்டுப் போய் மனைவியோடு ஹஜ் செய்யும்படி அவருக்குச் சொன்னார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ் இது. ஒரே ஹதீஸில் இரண்டு பக்கமும் இருக்கிறது. அந்நியப் பெண்ணோடு தனிமை கூடாது. மனைவியோடு பயணம் போவதென்றால், போர்க்களத்தைக்கூட விட்டுவிட்டுப் போ.

மூஸா (அலை) அவர்களின் திருமணப் பேச்சு

சூரா அல்கஸஸில் 23 முதல் 29 வரை ஓதிப் பாருங்கள். மத்யன் நகரத்துக் கிணற்றடியில் இரண்டு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். மூஸா (அலை) அவர்கள் விஷயத்தைக் கேட்டு, தண்ணீர் இறைத்துக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு பேச்சை வளர்க்காமல் நிழலில் போய் ஒதுங்கினார்கள். பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தி வெட்கத்தோடு நடந்து வந்து, தன் தந்தை அழைப்பதாகச் சொன்னாள். தனக்காக வரச் சொல்லவில்லை, தந்தையிடம் அழைத்துப் போனாள். இவரை வேலைக்கு வையுங்கள், பலமும் நம்பிக்கையும் உள்ளவர் என்று தந்தையிடம் எடுத்துச் சொன்னவளும் ஒரு பெண்தான். பெண் தன் அபிப்பிராயத்தை வெளிப்படையாகச் சொல்வதைக் குர்ஆன் பாராட்டும் விதமாகவே எடுத்துக் காட்டுகிறது.

அந்தப் பெரியவர் இரண்டு மகள்களில் ஒருவரை மணமுடித்துத் தர முன்வந்தார். பகரமாக 8 வருட உழைப்பு, விரும்பினால் 10 வருடம், உமக்குச் சிரமம் தர நான் விரும்பவில்லை என்றார். மூஸா (அலை) அவர்கள் ஒப்புக்கொண்டு, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். பேச்சும் நிபந்தனையும் தந்தையின் முன்னால், எதுவும் மறைவாக இல்லை. தவணையை முடித்த பிறகு தம் குடும்பத்தோடு பயணம் புறப்பட்டார்கள் என்று 29ஆவது வசனம் சொல்கிறது. முதலில் பொறுப்பு, பிறகு பயணம். நாம் பயணத்தை முதலில் வைத்துக்கொண்டு, பொறுப்பை அடுத்த லீவுக்குத் தள்ளுகிறோம்.

சந்தோஷத்தை மார்க்கம் தடுக்கவில்லை

ருபைய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் திருமணத்தில் சிறுமிகள் தஃப் அடித்துப் பாடினார்கள். நபி (ஸல்) அவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். நாளை நடப்பதை அறியும் நபி நம்மிடம் இருக்கிறார் என்று ஒரு சிறுமி பாடியபோது, அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு முன்பு பாடியதைப் பாடச் சொன்னார்கள். தவறைத் திருத்தினார்கள், பாட்டை நிறுத்தவில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் ஓர் அன்ஸாரி வீட்டுக்கு மணப்பெண்ணை அனுப்பியபோது, பாட்டு ஒன்றும் இல்லையா, அன்ஸாரிகளுக்கு அது பிடிக்குமே என்று கேட்டார்கள். இரண்டும் புகாரீயில் உள்ளவை.

ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதல் முறை ஆயிஷா (ரலி) அவர்கள் ஜெயித்தார்கள். பிறகொரு சமயம் நபி (ஸல்) அவர்கள் ஜெயித்து, அதற்கு இது சரியாகிவிட்டது என்று சிரித்தார்கள். அது கணவன் மனைவியின் விளையாட்டு. யார் கண்ணும் படாத இடத்தில் நடந்தது.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, இடைவெளியைச் சுருக்குங்கள். மண்டபம் கிடைக்கவில்லை என்றால் பள்ளிவாசல் இருக்கிறது. வலீயும் சாட்சிகளும் இருந்து, மஹர் பேசி, ஈஜாப் கபூல் சொல்லி, ஜமாஅத் தஃப்தரில் எழுதி, ஊரறிய நிக்காஹ்வை முடித்துவிடுங்கள். வலீமாவைச் சிறியதாக வையுங்கள். கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமா விருந்தில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய்தான். நிக்காஹ் முடிந்த பிறகு அவர்கள் இருவரும் ஒரே பைக்கில் மாமல்லபுரம் போகட்டும், யார் கேட்கப் போகிறார்கள்? ஹெல்மெட் மட்டும் இருவரும் போட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவது, நிக்காஹ் தள்ளிப்போகத்தான் வேண்டும் என்றால், வெளியே போவதைக் குடும்பத்தோடு வையுங்கள். பெண்ணுடன் அவளுடைய அத்தா அல்லது அண்ணன் தம்பி இருக்கட்டும். நண்பர்கள் கூட்டம் மஹ்ரம் ஆகாது. ஒன்றை மறக்க வேண்டாம்: தாம்பரத்திலிருந்து மாமல்லபுரம் கஸ்ருக்குரிய தூரம் கிடையாது. லுஹரையும் அஸரையும் முழுமையாக, அதனதன் நேரத்தில் தொழ வேண்டும்.

மூன்றாவது, போனில் பேசுவது பெரியவர்களுக்குத் தெரிந்து, தேவைக்குப் பேசுவதாக இருக்கட்டும். மஹர் எவ்வளவு, எங்கே குடியிருப்பது, படிப்பைத் தொடர்வதா, வேலைக்குப் போவதா என்று கேட்க வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. இரவு இரண்டு மணி வரை பேசியும் இவற்றில் ஒன்றையும் பேசாமல் விட்டு, நிக்காஹ்விற்குப் பிறகு சண்டையில் வந்து நிற்பவர்கள் உண்டு.

நான்காவது, செலவு. மாப்பிள்ளை வீட்டார் வரும் ஒவ்வொரு முறையும் வேன், சாப்பாடு, துணிமணி என்று பெண்ணைப் பெற்றவர் கடன் வாங்குகிறார். கைக்கூலி வாங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, இந்த வழியில் வாங்கினால் அதுவும் அதே பாவத்தின் வாசல்தான். மாப்பிள்ளை வீட்டார் செலவைத் தாங்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.

ஐந்தாவது, போட்டோக்களை வெளியே போடாதீர்கள். ஏதாவது காரணத்தால் நிச்சயம் முறிந்தால், இரு வீட்டாரும் நாவைக் காத்துக்கொள்ளுங்கள். கொடுத்த நகை, அன்பளிப்பு விஷயத்தில் மத்ஹபுகளுக்குள் விவரம் இருப்பதால், தெருவில் நின்று பேசாமல் ஆலிம்களிடம் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

வாலிபர்களே! அவள் மீது உங்களுக்கு உண்மையான பிரியம் இருந்தால், அதைக் காட்டும் இடம் மஹரும் நிக்காஹ்வும்தான். அவளைப் பைக்கில் ஏற்றும் முன், தஃப்தரில் அவள் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள்.

யா அல்லாஹ்! நிச்சயிக்கப்பட்டிருக்கும் எங்கள் பிள்ளைகளின் நிக்காஹ்வை இலேசாக்கி வை. அவர்களின் மானத்தையும் ஈமானையும் பாதுகாப்பாயாக. நிச்சயம் முறிந்து மனம் உடைந்திருக்கும் எங்கள் பெண் மக்களுக்கு அதைவிடச் சிறந்த துணையைத் தருவாயாக. கடன் வாங்கி மகளைக் கட்டிக்கொடுக்கும் தகப்பன்மார்களின் சுமையை இறக்கி வைப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.