அருவருப்பும் அண்டை வீடும்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவிலிருந்து புறப்பட்டு, குஜராத்தி சாலை வழியாகக் கொங்கணியர் வாழும் செர்லாய் வரையில் நிதானமாக நடப்பவன், இது உண்ணத் தகாதது என்று மனிதர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நியமங்களில் பலவற்றைக் கடந்துவிடுகிறான். மண்ணுக்குள் விளையும் கிழங்கையும் விலக்கும் ஜைனர். மீனை ருசித்து உண்டும் ஆட்டிறைச்சியைத் தொடாத கொங்கணி பிராமணர். பன்றியின் பெயரைக் கேட்கவும் சகியாத மாப்பிள்ளை முஸ்லிம்கள். அதே பன்றிக்கறியில் காடி ஊற்றி விந்தாலு சமைக்கும் ஆங்கிலோ இந்தியர். 1568இல் எழுந்த பரதேசி ஜெப ஆலயத்தைச் சுற்றி வாழ்ந்தும், செதிலும் துடுப்பும் இல்லாத நீர்ப்பிராணி எதுவும் கூடாதென்ற விதிக்குக் கட்டுப்பட்டு, காயல் வாரி வழங்கும் இறாலை வேண்டாமென்றே விட்டிருந்த யூதர் ஆகிய இத்தனை பேரும் ஒருவர் அடுப்புப் புகை மற்றவர் ஜன்னலில் நுழையும் நெருக்கத்தில் குடியிருந்தார்கள்.

நான் பிறந்தது மதுரைச் சீமையில். ஆடு அறுக்கும் நாளில், உறைந்த ரத்தத்தைச் சின்ன வெங்காயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்துப் பொரித்து, குழந்தைகளின் தட்டில் முதலில் வைக்கும் வீடு எங்களுடையது. மண்ணீரலாகிய சுவரொட்டியை மட்டும் பிள்ளை பெற்றவளுக்கென்று பாட்டி ஒதுக்கிவிடுவாள். மட்டாஞ்சேரிக்குக் குடிவந்த புதிதில் இங்குள்ள கறிக்கடையில் ரத்தம் கிடைக்குமா என்று கேட்டேன். "அண்ணாச்சி, ரத்தம் எங்களுக்கு ஹராம். அது மண்ணுக்கு உள்ளது" என்றார் கடைக்காரர். அவர் முகத்தில் சுளிப்பு இல்லை; ஈரலையும் குடலையும் அன்போடு பொதிந்து தந்தார். யூதர் வீடுகளிலும் இறைச்சியை நீரில் ஊறவைத்து, உப்பிட்டு, ரத்தம் வடிந்த பிறகே சமைப்பார்கள் என்பதையும், உப்புக்கு அடங்காத அளவு ரத்தம் நிறைந்த ஈரலை நேரே தீயில் வாட்டியே ஆகவேண்டும் என்பதையும் பின்னர் தெரிந்துகொண்டேன். ரத்தம் என்பது உயிரே, ஆகையால் அது மனிதனின் ஆகாரமன்று என்பது அவர்களுடைய வேதம். எங்கள் பாட்டி எதைச் சத்து என்று ஊட்டினாளோ, அதையே இவர்கள் பயபக்தியோடு விலக்குகிறார்கள். அந்த விலக்கில் அருவருப்பின் சாயலும் இல்லை என்பதை உணர்ந்த அன்று, ஓர் உணவை மறுப்பதற்கு இத்தனை கண்ணியமான வழியும் உண்டா என்று வியந்தேன்.

நாங்கள் இத்தா என்றழைக்கும் அண்டை வீட்டு முஸ்லிம் அக்கா, போட்டி எனப்படும் மாட்டு இரைப்பையைச் சமைக்கும் நாள்களில் முற்பகல் முழுதும் அதன் துர்நாற்றம் எங்கள் முற்றத்தில் நிற்கும். சாணம் போக அலசி, கொதிநீரில் முக்கி, கறுத்த தோலைக் கத்தியால் சுரண்டி, உப்பும் மஞ்சளும் இட்டுத் தேய்த்து, மறுபடியும் அலசி, வாசனை போயிற்றா என்று முகர்ந்து பார்த்து, போகவில்லையானால் தொடக்கத்திலிருந்தே மீண்டும் செய்யும் அந்தக் கைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிற்பகலில் மிளகும் தேங்காய்க் கொத்தும் கறிவேப்பிலையும் மணக்க, வேகவைத்த கப்பையோடு அது தட்டுக்கு வரும்போது, காலையில் நாறியது இதுதான் என்று சொன்னால் நம்பமுடியாது. தொடைக்கறி வாங்க வசதியற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்றுத் தேர்ந்த வித்தை அது. அதை இழிந்த உணவு என்பவர்கள் அந்த முற்பகலைக் கண்டதில்லை.

அந்தக் கப்பைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்த மரவள்ளியைப் பரப்ப ஊக்கமளித்தார். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனபோது, அந்த அரிசியையே பெரிதும் நம்பியிருந்த கொச்சியும் திருவிதாங்கூரும் கிழங்கைக் கொண்டு உயிரைப் பிடித்துக்கொண்டன. வழக்கமான சோறு அற்றுப்போன அந்நாளில், எது உண்ணத் தக்கது என்ற விசாரத்தைப் பசிதான் தீர்த்துவைத்தது.

அருவருப்பாகிய இளிவரல் என்னும் மெய்ப்பாடு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கின் வழியே பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். பிறருடைய உணவு அந்த நான்கில் இல்லை. நாமோ அதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டோம். சேர்த்ததோடு நில்லாமல், உணவின்மேல் எழுந்த கூச்சத்தை உண்பவன்மேல் ஏற்றினோம். செங்கல்பட்டுப் பக்கத்து வயல்களில் வளை தோண்டி எலி பிடிக்கும் இருளர், நெற்கதிரைக் காப்பதோடு, எலி பதுக்கிய நெல்லையும் மீட்டு உண்கிறார்கள். அந்த உழைப்புக்கு ஊரார் அளித்த பிரதிபலன் இழிசொல். நகரங்களில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் குடும்பத்திடம் பெயருக்கும் முன்னால் சமையலைப் பற்றி விசாரிக்கிறார்கள். என்னிடமும் ஒரு வீட்டுக்காரர் அவ்வாறு கேட்டதுண்டு. மட்டாஞ்சேரியின் கறிக்கடைக்காரர் ரத்தத்தைத்தான் மறுத்தார்; அந்த வீட்டுக்காரரோ மனிதரை மறுத்தார். இந்த வேற்றுமை எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுகிறது.

அப்படியானால் எதையும் எவரும் உண்ணலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இல்லை என்பதற்கும் கொச்சியிலேயே திருஷ்டாந்தம் இருக்கிறது. வயல் தவளைகளின் பின்னங்கால்களை உறையவைத்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றி வந்தார்கள். 1987இல் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. பயிரைத் தின்னும் பூச்சிகளை உண்டு உழவனுக்குத் துணை நின்ற பிராணியை இரண்டு கால்களுக்காகக் கொன்று, பூச்சிமருந்தை விலைக்கு வாங்கும்படி அவனை விடுவது அநியாயம் என்று நான் நம்புவதால், அந்தத் தடையை மனமார ஆதரிக்கிறேன். தவளைக்கறி என்றாலே இத்தாவுக்கு ஓக்காளம் வரும். பிரான்ஸிலோ அது விருந்துணவு. என் ஆட்சேபம் அந்த ஓக்காளத்தின் பேரில் எழுந்ததன்று. அது வயலின் பேரிலும் தவளையின் உயிரின் பேரிலும் எழுந்தது; தவளைக்கால் தேனாக இனித்தாலும் அது மாறாது.