கரையில் உட்கார்ந்திருப்பவள்

"மே மாசம் புள்ளைங்கள எங்கனா பீச்சுக்குக் கூட்டினு போலாம்" என்று என் கணவர் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். கையிலிருந்த தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார். உண்மையான ஆசையோடுதான் சொன்னார். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலரை. இருவரும் குதித்தார்கள். அந்த ஒரு வாக்கியம் அதற்குப் பிறகு மூன்று வாரங்களுக்கு என் வேலையாக மாறியது.

விடைத்தாள் திருத்தும் மேசையில், ஒரு பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். மீஞ்சூரில் எத்தனை மணி மின்சார ரயில். சென்ட்ரலிலிருந்து பேருந்தா, வாடகைக் காரா. சின்னவனுக்கு வண்டியில் வாந்தி வரும், அதற்கு மருந்து. ஆளுக்கு மூன்று மாற்றுத் துணி. அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை. தங்குமிடம் தரைத்தளத்தில் இருக்க வேண்டும், அத்தையால் படி ஏற முடியாது. பெரியவளுக்கு வெயில் பட்டால் தோல் தடிக்கும். பால் கொதிக்க வைக்க வசதி உண்டா. என் மாதவிலக்கு எந்த வாரம். கடைசியில் இருப்பதை மட்டும் எழுதவில்லை, மனத்தில் வைத்துக்கொண்டு அதைச் சுற்றியே தேதியைக் குறித்தேன்.

"எந்தத் தேதி சொல்லு, நான் ரூம் போட்டுர்றேன்" என்றார் அவர். போட்டார். முடிவெடுத்தது இருவரும் சேர்ந்துதான் என்று அவர் இன்றும் நம்புகிறார். அது பொய்யும் அல்ல. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 35 தம்பதியரிடம் பேசி 2019இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தின் சிந்தனை உழைப்பை நான்காகப் பிரிக்கிறார்: என்ன தேவைப்படும் என்று முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிவெடுத்தது நடக்கிறதா என்று கண்காணிப்பது. முடிவெடுக்கும் இடத்தில் கணவனும் மனைவியும் ஏறக்குறைய சேர்ந்தே இருக்கிறார்கள். முன்னுணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்ணிடம் தங்கிவிடுகின்றன. அதாவது, அதிகாரம் இருக்கும் இடத்தில் இருவர். கவலை இருக்கும் இடத்தில் ஒருத்தி.

பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்: "நம்ம ஊர்ப் பக்கத்துலயே கடல் இருக்குதே, ஏம்மா கோவளத்துக்குப் போறோம்?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலிருந்து கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வங்கக்கடல். எங்கள் ஊரின் பெயரையே தாங்கிய கடல்நீர்க் குடிநீர் ஆலை காட்டுப்பள்ளியில் 2010இலிருந்து இயங்குகிறது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் எடுக்கும் திறன் அதற்கு. கடல் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது, எங்கள் பிள்ளைகள்தான் கடலுக்குப் போக முடியாது. கரையோரம் அனல்மின் நிலையம், காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று வரிசையாக மதில்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகம்வரை வந்து படகுகளிலும் அலையாத்தி மரங்களிலும் அப்பியது. கொசஸ்தலை ஆற்றின் சேற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கழுத்தளவு நீரில் துழாவும் அவர்களுக்குக் கடற்கரை என்பது சுற்றுலா போகும் இடம் அல்ல.

கோவளமோ 2021இல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்ற கடற்கரை. தண்ணீரைப் பரிசோதிக்கிறார்கள், கழிப்பறை இருக்கிறது, உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். நகரத்தின் வடக்கு முனையிலிருந்து அதை முழுசாகக் கடந்து தெற்கே போனால்தான் என் பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் கால் நனைக்க ஒரு கடல்.

மெரினாவைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். இந்தக் கரையோரம் கடல், ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகும். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். வந்த மணல் சுவரின் தெற்கே தேங்கியது. அப்படித் தேங்கித்தான் மெரினா அவ்வளவு அகலமானது. வடக்கே மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கரை அரிக்கப்பட்டு, இன்று சாலைக்கும் கடலுக்கும் நடுவே கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். தெற்கே காற்று வாங்கும் குடும்பங்கள் உட்கார்ந்திருப்பதில் ஒரு பங்கு, வடக்கே வராமற்போன மணல்.

"அப்ப அது நம்ம மணலா?" என்றாள். ஒரு விதத்தில் ஆமாம் என்றேன். சொல்லும்போது ஊரை மட்டும்தான் நினைத்தேன். வீட்டுக்குள்ளும் அதே கணக்கு நடக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

கோவளத்தில் வெயில் தாழ்ந்த பிறகு கரைக்குப் போனோம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் ஜூன் பாதிவரை கடலுக்குள் போகாது. அவரும் பிள்ளைகளும் தண்ணீரில் இறங்கினார்கள். நான் பைகளோடு உட்கார்ந்தேன். நான்கு பை, ஐந்து ஜோடிச் செருப்பு, இரண்டு கைபேசி, அத்தையின் கண்ணாடிக்கூடு. சுற்றிலும் பார்த்தேன். கரை நெடுக என்னைப் போலவே பெண்கள், மடியில் துண்டோடு, அலைக்கு முகம் காட்டியபடி. எல்லோருடைய வாயும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது: "ரொம்பத் தூரம் போகாத!"

வகுப்பில் ஆண்டுதோறும் நெய்தல் திணை நடத்துகிறேன். முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல் என்று கரும்பலகையில் எழுதுவேன். பையோடு உட்கார்ந்திருப்பது இதில் எதில் சேரும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சங்கப் பாட்டின் நெய்தல் நிலத்தில் சிறுமிகள் மணலில் சிற்றில் கட்டுகிறார்கள், கடலாடுகிறார்கள், நண்டைத் துரத்துகிறார்கள். பிறகு ஒரு நாள் இற்செறிப்பு. வீட்டுக்குள் வைத்துக் காக்கப்படுகிறாள். கடல் அங்கேயேதான் இருக்கிறது, அவள்தான் இல்லை. தமிழில் மிகவும் பேர்பெற்ற கடற்கரைப் பொழுதும் ஒரு பெண்ணின் மேல் பழி விழுந்துதான் முடிகிறது. கானல்வரியில் கோவலன் யாழோடு பாடுகிறான், மாதவியும் பாடுகிறாள். அவன் பாடியது பாட்டு. அவள் பாடியது மட்டும் குற்றமாகி அவன் எழுந்து போகிறான்.

இப்படி என் மனம் எங்கெங்கோ போனது. நீண்ட நாளைக்குப் பிறகு ஒரு கவிதையின் முதல் வரி போல ஏதோ கூடி வந்தது. இரண்டு நிமிடம் இருக்கும், மூன்றாகவும் இருக்கலாம். நான் கடலைப் பார்த்தேன், பிள்ளைகளைப் பார்க்கவில்லை.

நிமிர்ந்தபோது மகன் இல்லை.

அவர் என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார், கைபேசியை எடுக்க. சின்னவன் என்னிடம் வந்துவிட்டான் என்று அவர் நினைத்திருந்தார். அவரோடு இருக்கிறான் என்று நான் நினைத்திருந்தேன். நான் எப்படி ஓடினேன் என்பது நினைவில்லை. நாற்பது அடி தள்ளி, சிப்பி மாலை விற்கும் ஒரு அம்மாவின் தட்டு முன்னால் குந்தியிருந்தான். அந்த அம்மா அவன் கையைப் பிடித்து வைத்திருந்தார். "யாரு பெத்த புள்ளயோன்னு பார்த்துனே இருந்தேன்" என்றார்.

எனக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்த அத்தை கேட்டார்: "நீ எங்கம்மா பார்த்துனு இருந்த?"

நான் செய்ததைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன். நான் அவரைப் பார்த்துக் கேட்கவில்லை, "நீங்க எங்க பார்த்துக்கிட்டிருந்தீங்க?" என்று. மகளிடம் திரும்பி, "தம்பியப் பார்த்துக்கோன்னு சொன்னேன்ல?" என்று கத்தினேன். அவள் இடுப்பளவு நனைந்து நின்றாள். கையில் ஈர மணல். உதடு துடிக்க, "சாரிம்மா, நான்தான் பார்த்திருக்கணும்" என்றாள்.

எட்டு வயது. நாற்பத்தேழு வயது ஆண் ஒருவர் பக்கத்திலேயே நிற்கிறார். ஆனாலும் அத்தையிடமிருந்து எனக்கும் என்னிடமிருந்து அவளுக்கும் அந்தப் பழி இறங்கிப் போனது, பள்ளம் பார்த்துத் தண்ணீர் போவதுபோல. நடுவில் நின்ற அவர்மேல் ஒரு சொட்டும் தெறிக்கவில்லை. அவர் அதைத் தட்டிவிட்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. யாருமே அவரிடம் கொண்டுபோகவில்லை. பெண்ணியம் வாசித்த, அதை வகுப்பில் நடத்துகிற நானும் கொண்டுபோகவில்லை. சிற்றில் கட்டும் வயதிலேயே என் மகளைக் கரையில் உட்கார வைத்தது நான்தான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஒரு தாய் இரண்டு நிமிடம் தன் நினைவில் இருந்தது குற்றமா? குற்றமில்லை என்று சட்டென்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் இந்தக் கடலை எனக்குத் தெரியும். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை வீசிக் கூப்பிடாது. சத்தமில்லாமல், நாம் துண்டை உதறி மடிக்கும் நேரத்துக்குள் போய்விடும். முழங்கால் தண்ணீரில் நிற்கும் பெரியவரையே உள்ளிழுக்கும் நீரோட்டங்கள் கிழக்குக் கரை நெடுக உண்டு. யாராவது ஒருவர் எந்நேரமும் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆகவே கவனம் கேட்கப்படுவதில் அநியாயம் இல்லை. அந்த ஒருவர் யார் என்பது பேசப்படாமலேயே தீர்மானமாகியிருப்பதுதான் அநியாயம். பேசப்படாதது ஆபத்தும்கூட. இருவரும் பார்க்கிறோம் என்று இருவரும் நினைத்த அந்த இரண்டு நிமிடத்தில் யாருமே பார்க்கவில்லை.

உழைப்பது ஓய்வுக்காகவே, ஓய்வில்தான் மனிதர் தம் சிறந்த நிலையை அடைகிறார் என்று அரிஸ்டாட்டில் கருதினார். அந்த ஓய்வு அவருடைய நகரத்தின் சுதந்திர ஆண்களுக்கானது. அதைத் தாங்கிய அன்றாட வேலையை அடிமைகளும் பெண்களும் செய்தார்கள். நம் வீடுகள் அதிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன? தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் சொன்னது: வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்து ஆண்டுகளில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது, அவர்களுக்கு ஒன்பது. அந்தப் பத்து நிமிடத்தை நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டது ஆண் அல்ல என்பதை இந்த எண்களே சொல்கின்றன. கரையில் உட்கார்ந்து ஒரு தலையை மட்டும் கண்ணால் தொடர்ந்துகொண்டிருக்கும் நேரமோ இந்த நிமிடங்களில் முழுமையாக வருவதே இல்லை. பார்ப்பவருக்கு அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் காலை கடலுக்குப் போகும் முன் அவரிடம் பேசினேன். சண்டையாக இல்லை. முதல்நாள் கேட்காத கேள்வியை அப்போது கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நீ பார்ப்பேன்னு நெனச்சேன்" என்றார். "அதான்" என்றேன்.

நீச்சல் பாதுகாப்பு சொல்லித்தருபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும்போது பெரியவர்களில் ஒருவர் காவல். கைபேசி இல்லை, பேச்சு இல்லை. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், மாறும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாங்களும் அப்படியே செய்தோம். "இப்ப உங்க முறை." "சரி, என் முறை." அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லுக்கு எத்தனை பலம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பொறுப்பைப் பகிர்வது என்றால் வேலையைப் பகிர்வது என்று நினைத்திருந்தேன். துணி எடுத்துவைக்கச் சொன்னால் எடுத்துவைப்பார். ஆனால் சொல்ல வேண்டும் என்பதை நினைவில் வைத்திருப்பவள் நான். கவலை கைமாறினால்தான் பொறுப்பு கைமாறியதாக அர்த்தம். அப்படிக் கைமாறும்போது என் முறை இல்லாத கால்மணி நேரத்தில் நான் எங்கே பார்த்தாலும் குற்றமில்லை.

மகளிடமும் சொன்னேன். "தம்பியப் பார்த்துக்கறது உன் வேலை இல்ல கண்ணு. நேத்து அம்மா சொன்னது தப்பு." நம்பினாளா என்று தெரியவில்லை. அன்றும் இரண்டு முறை திரும்பித் திரும்பி அவனைத் தேடினாள்.

அத்தை பையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பைகளை அங்கிருந்த தேநீர்க்கடைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு அவரையும் அழைத்துப் போனோம். அமாவாசைக்குத் தலை முழுகியது தவிர அவர் கடலில் நின்றதில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, "இன்னாடி இது, காலுக்கடியில மண்ணு ஓடுது" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். முதல்நாள் என்னைக் கேள்வி கேட்டவரின் விரல்கள் எழுபது வயதில் முதல்முறையாக விளையாட்டுக்கு நடுங்கின.

இத்தோடு தீர்ந்தது என்று எழுதி முடிக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பியதும் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வரும் அக்கா, தயங்கித் தயங்கி, "ரெண்டு நாளு நீங்க இல்லியே, சம்பளத்துல பிடிப்பீங்களாம்மா?" என்று கேட்டார். என் பட்டியலில் அந்தக் கேள்வி இல்லை. பிடிக்க மாட்டேன் என்றேன். அவர் கேட்க வேண்டிவந்ததே அந்தப் பட்டியலின் குறை. என் ஓய்வு யாருடைய கரையை அரிக்கிறது என்று நானும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த ஆண்டுப் பட்டியலை அவர் எழுதுகிறார். வாந்தி மருந்தை இன்னும் சேர்க்கவில்லை. எனக்கு வாய்வரை வருகிறது, சொல்லாமல் இருக்கிறேன். போன வாரம் மகனிடம், "உனக்கு பஸ்ல வாந்தி வருமாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.