வாய் நிறையக் கூப்பிட ஒரு பெயர்



பண்டார் தெங்காராவில் நான் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் ஒரு காலத்தில் தேவாரம் படித்த பிள்ளைகள் இப்போது அப்பா அம்மா ஆகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒரு தம்பி சென்ற மாதம் என்னிடம் வந்தார். "ஐயா, பையனுக்குத் திருநாவுக்கரசுன்னுதான் பேர் வைக்கணும்னு அம்மா பிடிவாதமா நிக்கிறாங்க. அது பழைய பேரு, ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்கன்னு என் மனைவிக்குப் பயம். எப்படியும் வீட்ல சுருக்கித்தான் கூப்பிடப் போறோம். அப்புறம் எதுக்குங்க ஐயா அவ்ளோ பெரிய பேரு?"

கேட்கும்போது சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வது நின்றுபோயிருந்தது. 30ஆம் நாள் தொட்டில் போட இன்னும் 11 நாள்தான். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர் என்று ஓர் ஊர். நவக்கிரக யாத்திரை போகிறவர்கள் சந்திரன் தலம் என்று போய் வருவார்களே, அந்த ஊர்தான். அங்கே அப்பூதியடிகள் என்று ஓர் அந்தணர் இருந்தார். திருநாவுக்கரசரை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. கேள்விப்பட்டதோடு சரி. ஆனால் தன் வீட்டு அளவைகளுக்கும் தராசுக்கும், பசுவுக்கும் எருமைக்கும், ஊருக்கு வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அந்தப் பெயரையே வைத்தார். பெற்ற பிள்ளைகளுக்கும் அதே பெயர். நாவுக்கரசர் வேளாளர் குலத்தில் பிறந்தவர். அந்தணர் ஒருவர் அந்தப் பெயரை வீடு முழுக்க வைத்துக்கொண்டார் என்பதையும் கவனியுங்கள். இன்றைக்கும் ஜாதகத்தோடு சாதியையும் சேர்த்துக் கேட்கிற நம் பெரியவர்கள் சிலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

சரி, ஒரே வீட்டில் இரண்டு திருநாவுக்கரசு. கூப்பிட்டால் யார் திரும்புவது? மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று அழைத்தார்கள். ஒருவனை 'திரு' என்றும் இன்னொருவனை 'அரசு' என்றும் வெட்டியிருந்தால் வேலை சுலபம். அவர்கள் பெயரை நீட்டினார்களே தவிர வெட்டவில்லை. நெல் அளக்கும்போதும், மாட்டை ஓட்டும்போதும், பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும்போதும் அந்தப் பெயர் வாயில் வரவேண்டும். அதற்காகத்தானே வைத்தது!

பிறகு ஒரு நாள் நாவுக்கரசரே அந்த ஊருக்கு வந்தார். பந்தலில் தன் பெயரைப் பார்த்து, "உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியிருக்கிறீரே, ஏன்?" என்று கேட்டார். வந்தவர் யார் என்று தெரியாமல் அப்பூதியாருக்குக் கோபம் வந்துவிட்டது. யார் என்று தெரிந்ததும் காலில் விழுந்து விருந்துக்கு அழைத்தார். வாழையிலை அறுக்கப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டியது. ஓடிவந்து இலையைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளை விழுந்து இறந்தான். விருந்து கெடக்கூடாது என்று பெற்றோர் உடலை மறைத்து வைத்தார்கள். எல்லோருக்கும் திருநீறு கொடுத்த நாவுக்கரசர் மூத்த பிள்ளை எங்கே என்று கேட்டார். இனி அவன் உதவமாட்டான் என்று தடுமாறிப் பதில் சொன்னார் தகப்பனார். உண்மை வெளிவந்தது. பிள்ளையைக் கோயிலுக்கு எடுத்துப் போகச் செய்து நாவுக்கரசர் பதிகம் பாடினார். பிள்ளை எழுந்தான். சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் வரலாறு இது.

"அப்போ செல்லப் பெயரே கூடாதுங்களா?" என்றார் தம்பி.

அப்படி யார் சொன்னது? அதே நாவுக்கரசரைப் பாருங்கள். திருவாமூரில் பெற்றோர் வைத்த பெயர் மருள்நீக்கியார். சமணத்தில் இருந்தபோது தருமசேனர். திருவதிகையில் சிவபெருமான் தந்தது நாவுக்கரசு. ஆனால் நாமெல்லோரும் 'அப்பர்' என்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? சீர்காழியில் சின்னப் பிள்ளையாக இருந்த சம்பந்தர், வயதான அவரை "அப்பரே" என்று கூப்பிட்டார். குழந்தை வாய் கூப்பிட்டது நிலைத்துவிட்டது. காரைக்காலில் பிறந்த புனிதவதியை ஈசன் "அம்மையே" என்றார். அவரும் காரைக்கால் அம்மையார் ஆனார். அன்பில் பிறந்த அழைப்பை நம் சமயம் ஒருநாளும் தள்ளியதில்லை.

பாகவதத்தில் வரும் அஜாமிளன் கதையும் உங்களுக்குத் தெரியும். கெட்ட வழியில் போனவன், சாகும் நேரத்தில் கடைசி மகனை "நாராயணா" என்று கூப்பிட்டான். அவன் அழைத்தது மகனைத்தான், பகவானை இல்லை. ஆனாலும் விஷ்ணு தூதர்கள் வந்து நின்றார்கள். விளையாட்டாகச் சொன்னாலும் வேறு யாரையோ நினைத்துச் சொன்னாலும் நாமம் நாமம்தான் என்று வாதாடினார்கள். அந்த மகனை வீட்டில் 'பேபி பாய்' என்று கூப்பிட்டுப் பழகியிருந்தால் கடைசி நேரத்தில் வாயில் என்ன வந்திருக்கும்? நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

நான் சண்டை போடுவது வேறு வகைப் பட்டப்பெயரோடு. 'குண்டு', 'கருப்பி', 'மொட்டை' என்று கூப்பிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். "சும்மா செல்லமாத்தானே" என்பார்கள். 15 வயதுப் பெண் கண்ணாடி முன்னால் நின்று அழுவது அந்தச் செல்லத்தால்தான். கருப்பண்ணசாமிக்குப் பொங்கல் வைக்கிற வீட்டிலேயே நிறத்தைச் சொல்லிப் பிள்ளையைக் கேலி செய்வது எனக்கு விளங்கவே இல்லை.

தாத்தாக்களின் குப்புசாமி, பிச்சை, மூக்கன் எல்லாம் இந்தக் கணக்கில் சேராது. முன்னால் பிறந்த பிள்ளைகள் தக்காமல் போனால், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்து, குப்பை என்றே பெயர் வைப்பார்கள். எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்ற பயம். பால்மரம் வெட்டிய நம் முன்னோர் பெயர்களில் அந்தத் தாய்மாரின் கண்ணீர் இருக்கிறது. அந்தப் பெயர்களைக் கேட்டு யாராவது சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தியும் அப்படியே, பெயர்த்தி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஐசியில் ஆ/லெ, ஆ/பெ போட்டு அப்பா பெயர் வரும், அவ்வளவுதான். தாத்தா பெயர் அதோடு காணாமல் போகும். பேரனுக்கு வைத்தால்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகும். அந்தத் தம்பியின் அம்மா ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார் என்று விசாரித்தபோது தெரிந்தது: அது அவர் அப்பாவின் பெயர். மருமகளுக்கு இதை யாருமே சொல்லவில்லை!

மருமகளின் பயமும் பொய் இல்லை. மலாய், சீன ஆசிரியர்கள் வாயிலும் அந்தப் பெயர் நுழைய வேண்டும். பெண் குழந்தையின் பெயர் சொல்ல எளிதாகவும் கேட்க இனிமையாகவும் இருக்கட்டும் என்று மனு சாத்திரமே சொல்கிறது. ஆணுக்கும் அது பொருந்தாதா என்ன? அதனால் இரண்டு வழி சொன்னேன். ஒன்று, பத்திரத்தில் திருநாவுக்கரசு, வீட்டில் 'அரசு'. மீனாட்சி மீனா ஆவதைப் போல, சுப்பிரமணியம் மணி ஆவதைப் போல, செல்லப் பெயர் பெயருக்குள்ளிருந்தே வரட்டும். இன்னொன்று, வாகீசன். அதுவும் நாவுக்கரசரின் பெயர்தான், அதே பொருள். பெரியவர் மனசும் நோகாது, பள்ளியிலும் கூப்பிடலாம். எண்கணிதம் பார்த்து நடுவில் இரண்டு எழுத்து கூடச் சொருகி, யாருக்கும் பொருள் தெரியாத பெயரை வைப்பதைவிட இரண்டுமே மேல்.

எதை எடுத்தாலும் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து பேசி எடுக்கட்டும் என்றேன். தொட்டிலில் போடும்போது குழந்தை காதில் மூன்று முறை முழுப் பெயரைச் சொல்லுங்கள், சுருக்கியது வேண்டாம். பிறப்புப் பத்திரம் எடுக்கப் போகிறவர் பெயரை ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போகட்டும். கவுன்டரில் அச்சடித்துக் காட்டும்போது ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 12 வயதில் மைகாட் எடுக்கும்போது அந்த எழுத்துகள்தான் அப்படியே வரும்.