இல்லாதவரின் ஐந்தில் ஒரு பங்கு

ஓர் ஊரின் பொதுச் செலவுக்குப் பங்கு தர வழியற்ற ஒருவரிடம் அந்த ஊர் வரி கேட்கலாமா, கேட்காமல் விட்டால் அது ஈகையா நீதியா என்பது அறவியலில் தீராத வினாக்களுள் ஒன்று. ஈகை கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. பெறுபவர் அதை எதிர்பார்க்கலாமே தவிர உரிமையோடு கோர முடியாது. நீதியோ பெறுபவருக்குச் சேரவேண்டிய கடன். அது கொடுக்கப்படாதபோது அவருடைய உடைமை பறிக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். இந்த வேறுபாட்டை நூலறிவின் எல்லைக்கு வெளியே, மாதந்தோறும் கட்டும் தவணையின் அளவுக்கு இறக்கிக் காட்டும் நிறுவனம் ஒன்று உண்டெனில், அது இங்கிலாந்தின் கவுன்சில் வரியும், வருமானம் குறைந்தோருக்கு அதில் அளிக்கப்படும் குறைப்பும்தான்.

கவுன்சில் வரி என்பது உள்ளாட்சி மன்றங்கள் குடியிருப்புகளின் மீது விதிக்கும் ஆண்டு வரி. 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தால் உருவாகி, 1993 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இந்த வரி, இங்கிலாந்தில் ஒவ்வொரு வீட்டையும் 1991 ஏப்ரல் 1 அன்று அதற்கிருந்த சந்தை மதிப்பின்படி ‘ஏ’ முதல் ‘எச்’ வரையிலான எட்டுப் படிகளில் ஒன்றில் வைக்கிறது. 40,000 பவுண்டுக்கு மேற்படாத வீடு முதற்படியிலும், 3,20,000 பவுண்டைக் கடந்த வீடு கடைசிப் படியிலும் அமைய, கடைசிப் படியினர் முதற்படியினரைப்போல் மும்மடங்கு மட்டுமே செலுத்துகின்றனர். வீடு எட்டு மடங்கோ எண்பது மடங்கோ விலைபெறினும் வரி மும்மடங்கைத் தாண்டாது என்பது ஒருபுறமிருக்க, இந்த வரி வீட்டைப் பார்க்கிறதேயன்றி அதில் குடியிருப்பவரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை என்பதே இங்கு முதன்மையானது. வாடகைக்குக் குடியிருப்பவரும் செலுத்தியாக வேண்டும். வேலை போன மாதத்திலும் தவணை மாறாது.

கண்ணற்ற இந்த வரிக்குக் கண் வைக்கும் வேலையைத்தான் வரிக்குறைப்பு செய்கிறது. 2013 வரை அது ‘கவுன்சில் வரி உதவித்தொகை’ என்ற பெயரில் நாடு முழுவதற்கும் ஒரே விதியாக இருந்தது. வருமானம் மிகக் குறைந்தவருக்கு முழு வரியும் ஈடுசெய்யப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அது ஒழிக்கப்பட்டு, ஒவ்வொரு மன்றமும் தனக்கெனக் குறைப்புத் திட்டம் வகுத்துக்கொள்ள வேண்டும் என்றாயிற்று. மைய அரசு தந்த நிதி முன்னைய செலவைவிட ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைவு. ஓய்வூதிய வயதினருக்கு மட்டும் பழைய பாதுகாப்பு நாடு தழுவிய விதியாக நீடித்ததால், அப்பற்றாக்குறை முழுவதும் உழைக்கும் வயதினரின் தலையில் இறங்கியது. பல மன்றங்கள் எவ்வளவு வறியவராயினும் வரியில் ஒரு பங்கைச் செலுத்தியே தீரவேண்டும் என்ற குறைந்தபட்சப் பங்கு விதியைக் கொண்டுவந்தன; அப்பங்கு பல இடங்களில் ஐந்தில் ஒன்று. முழுக் குறைப்பைக் கைவிடாத டவர் ஹாம்லெட்ஸ் போன்ற மன்றங்களும் உண்டு. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தத்தம் நாடு முழுவதற்குமான ஒரே திட்டத்தைக் கைக்கொண்டன.

ஐந்தில் ஒன்று என்ற அளவு புதியதன்று. 1988 ஏப்ரலில், அப்போதிருந்த வீட்டு வரியில் அனைவரும் இருபது விழுக்காடேனும் செலுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் 1989இலும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990இலும் வந்த தலைவரி, அதாவது வீட்டையோ வருமானத்தையோ பாராது வயதுவந்த ஒவ்வொரு தலைக்கும் விதிக்கப்பட்ட வரி, அதே இருபது விழுக்காட்டை மாணவரிடமும் உதவித்தொகையில் வாழ்வோரிடமும் கேட்டது. 1990 மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் வெடித்த கலவரமும், நாடெங்கும் எழுந்த செலுத்தாமையும் அவ்வரியை வீழ்த்தின. ஆயினும் அன்றைய ஏற்பாட்டில் ஒரு நாணயம் இருந்தது: உதவித்தொகையின் அளவை வகுக்கும்போது, அந்த இருபது விழுக்காட்டுக்கென ஒரு சராசரித் தொகை அதில் சேர்க்கப்பட்டது. 2013இல் அதுவும் இல்லை.

இதற்குப் பின்னிருந்த வாதம் எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. தன் கையிலிருந்து ஒரு காசும் கொடாதவருக்கு மன்றம் எவ்வளவு செலவிடுகிறது என்பதில் கவலை இராது. சிறிதளவேனும் கொடுப்பவரே கணக்குக் கேட்பார், பொறுப்போடு வாக்களிப்பார். ஆகவே எல்லோரும் ஏதேனும் செலுத்துவதே மக்களாட்சிக்கு அரண் என்பது அவ்வாதம். செலுத்தலே உறுப்புரிமை என்னும் இந்தக் கருத்துக்கு ஆங்கிலேய வரலாற்றில் நீண்ட வேர் இருக்கிறது. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தின்படி, கோயிற்பற்று எனப்படும் பாரிஷ் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் குடியிருந்தோரிடம் வரி தண்டி, தன் ஏழைகளைப் பேணியது. உள்ளாட்சி வரியின் மூலமே வறியோரைக் காக்கும் கடமையாக இருந்தது என்பதை இன்றைய விவாதங்களில் நினைப்பார் குறைவு. பின்னாளில் வாக்குரிமை விரிந்தபோது, 1867இன் சீர்திருத்தச் சட்டம் நகரங்களில் அதனை வரி செலுத்தும் குடித்தனக்காரருக்கு வழங்கியது. பாரிஷின் உதவியைப் பெற்றவர் அதனாலேயே வாக்கை இழந்தார். அந்தத் தகுதியிழப்பு 1918 வரை நீங்கவில்லை. ஏழையிடம் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்பவர்கள், அறிந்தோ அறியாமலோ, அந்தப் பழைய உடன்படிக்கையின் மொழியில்தான் பேசுகின்றனர்.

சமய மரபுகளும் இல்லாதவரின் கொடையைப் போற்றாமல் விட்டதில்லை. மாற்கு நற்செய்தியில் எருசலேம் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரு சிறு காசுகளைப் போட்ட ஏழை விதவை, செல்வர் எல்லோரினும் மிகுதியாகப் போட்டவளாக இயேசுவால் சொல்லப்படுகிறாள். யூத மரபின் சட்டத் தொகுப்பாளரான மைமோனிடிஸ், பிறரிடம் அறக்கொடை பெற்று வாழும் ஏழையும் அதிலிருந்து சிறிது பிறருக்கு ஈயக் கடமைப்பட்டவர் என்று வகுத்தார். கொடுக்கும் இடத்தில் நிற்கும் மதிப்பை ஏழைக்கும் மறுக்கலாகாது என்று அதற்கு உரை காணலாம். ஆனால் இஸ்லாத்தின் ஜகாத் வேறொரு வாயிலில் நிற்கிறது. ஆண்டு முழுதும் கையிலிருந்த செல்வத்தின்மீது கடமையாகும் அந்தக் கொடை, ‘நிஸாப்’ எனப்படும் வரம்புக்குக் கீழே உடைமை உள்ளவர்மீது விழுவதே இல்லை. தேவையுள்ளோர் பெறும் பக்கத்தில் எண்ணப்படுகின்றனர். செல்வரின் பொருளில் வறியவருக்கு உள்ளது உரிமை என்றே குர்ஆன் கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸும், மிகுதியாக உள்ளது இயற்கைச் சட்டப்படி வறியவரைத் தாங்கவே கடன்பட்டது என்று வாதிட்டார்.

விதவையின் காசையும் குறைந்தபட்சப் பங்கையும் ஒரே தட்டில் வைப்பதுதான் பிழை. அவள் போடாமல் திரும்பியிருந்தால் அவளை யாரும் வழக்கு மன்றத்துக்கு அழைத்திருக்க மாட்டார்கள். ஆண்டுக்கு 1,500 பவுண்டு வரியுள்ள வீட்டில், ஐந்தில் ஒரு பங்கு 300 பவுண்டு. பத்துத் தவணையாகப் பிரித்தால் மாதம் 30. வருமானம் குறைந்த உழைக்கும் வயதினருக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவியில், 25 வயது நிறைந்த தனியொருவருக்கான அடிப்படைத் தொகை 2025 ஏப்ரலில் மாதம் 400.14 பவுண்டு; உணவு, மின்சாரம், எரிவாயு, உடை, பயணம் எல்லாம் அதற்குள். ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் கடிதம் வரும். ஏழு நாளில் கட்டாவிட்டால், மேலும் ஏழு நாளில் ஆண்டின் எஞ்சிய தொகை முழுவதும் ஒரேயடியாகக் கடனாகும். பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்ற அழைப்பாணை, அதன் செலவு, கடன் உண்டென்று உறுதிசெய்யும் ஆணை. அந்த ஆணையைக் கொண்டு மன்றம் ஊதியத்திலோ உதவித்தொகையிலோ பிடிக்கலாம். பெய்லிஃப் எனப்படும் ஜப்தி அலுவலரையும் அனுப்பலாம். 2014இன் விதிகள் அந்த அலுவலரிடம் கணக்கு போய்ச் சேர்ந்ததற்கு 75 பவுண்டும், அவர் வாசலுக்கு வந்ததற்கு 235 பவுண்டும் கடன்காரர் தலையில் வைத்தன. இரண்டும் சேர்ந்தால் 310; ஆண்டு முழுவதற்குமான பங்கைவிடப் பத்து மிகுதி. பொறுப்புணர்வைக் கற்பிக்க விதித்த தொகை, கற்பிக்கும் செலவைத் தாங்காத அளவுக்குச் சிறியது!

வரியின் அறத்தை வகுத்த பொருளியல் அறிஞர்களும் இதனை முன்பே எண்ணியிருக்கின்றனர். 1776இல் வெளியான தம் நூலில் ஆடம் ஸ்மித், ஒவ்வொருவரும் தத்தம் ஆற்றலுக்கேற்பச் செலுத்த வேண்டும் என்பதை வரிவிதிப்பின் முதல் நெறியாக்கினார். அதே நூலில், வரிகளைப் பற்றிய பகுதியிலேயே, தம் காலத்து நாட்கூலிக்காரரும் லினன் சட்டையின்றி ஊரார் முன் நிற்க நாணுவார் என்று காட்டி, அத்தகைய பொருள்களையும் வாழ்வின் இன்றியமையாத் தேவைகளுள் சேர்த்தார். ஜான் ஸ்டூவர்ட் மில் 1848இல், வரி எல்லோரிடமும் சமமான தியாகத்தைக் கேட்க வேண்டும், ஆகவே உயிர்வாழத் தேவையான வருமானத்தை அது தொடவே கூடாது என்றார். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வரிக்குறைப்பு கருணையின் வெளிப்பாடு என்னும் எண்ணம் நிலைப்பதில்லை. வருமானத்தைப் பாராத வரி, வருமானமற்றவரிடம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிடுகிறது. குறைப்பு அந்தப் பிழையைத் திருத்துகிறது. சட்டத்தின் அமைப்பும் இதற்கு அரணாகவே உள்ளது: 2013க்குப் பின் இது தனியே வழங்கப்படும் உதவித்தொகை அன்று, வரிக் கணக்கிலேயே நிகழும் கழிவு. எனினும், தனியாகக் குடியிருப்போருக்குள்ள 25 விழுக்காட்டுக் கழிவைச் செல்வர் பெறும்போது எவரும் அதை உதவியென்று எண்ணுவதில்லை. வறியவரின் கழிவு மட்டும் தயவின் சாயலோடு பேசப்படுகிறது.

அதனினும் நுட்பமானது, கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை. யுனிவர்சல் கிரெடிட் பெறுவதாலேயே வரி குறைந்துவிடாது. பொதுவாக மன்றத்துக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும், வருமானமும் சேமிப்பும் உடன் குடியிருப்போர் விவரமும் காட்ட வேண்டும். பலர் இரண்டும் ஒன்றென்று எண்ணி விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகின்றனர். திட்டத்துக்குள் அடங்காத நெருக்கடிக்கு, 1992 சட்டத்தின் 13ஏ பிரிவு, வரியைச் சுழியம்வரை குறைக்கும் விருப்புரிமையை மன்றத்துக்குத் தந்துள்ளது; உரிமையாக இருந்தது அங்கே மீண்டும் ஈகையாக மாறுகிறது. மறுக்கப்பட்டவர் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்திடம் முறையிடலாம் என்பது மட்டுமே அதனை முழு ஈகையாகாமல் தடுக்கிறது.

வயதின்படி பிரித்ததை எதனாலும் நியாயப்படுத்த இயலவில்லை. ஒரே வருமானமுள்ள இருவருள் ஓய்வூதிய வயதை எட்டியவர் முழுதும் விடுவிக்கப்பட, அறுபது வயதான அண்டைவீட்டார் ஐந்தில் ஒன்றைச் செலுத்துவது, உழைக்க இயலாதவரையும் உடல்வலிமையுள்ளவரையும் பிரித்துப் பின்னவரைச் சந்தேகித்த ஏழையர் சட்டத்தின் எச்சமன்றி வேறில்லை.

கொடுத்தால்தான் குரல் உண்டு என்னும் வாதத்தை வட லண்டனின் ஹாரிங்கே மன்றத்தின் மீதான வழக்கு தலைகீழாக்கியது. உழைக்கும் வயதினரின் குறைப்பை வெட்டும் திட்டத்தை அம்மன்றம் மக்கள் கருத்துக்கு வைத்தபோது, வெட்டைத் தவிர வேறு வழியே இல்லை என்பதுபோல் எழுதியிருந்தது. பொதுவரியை உயர்த்துவது, சேமநிதியை எடுப்பது முதலிய மாற்றுகளைச் சொல்லவில்லை. 2014 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தறிதல் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. கேட்கப்படுவோர் வறியோராக இருக்கையில் மாற்றுகளை இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் கருத்து. வழக்குத் தொடுத்தவர்கள், செலுத்தாதவர்களாகவே இருந்து கணக்குக் கேட்டவர்கள்.

செலுத்தலும் உறுப்புரிமையும் ஒன்றையொன்று தொடர்வதில்லை என்பதற்கு இன்னும் கூர்மையான சான்று, பொதுநிதி உதவி பெறத் தகுதியில்லை என்ற நிபந்தனையோடு விசா பெற்றவர்களின் நிலை. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்து ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ குடியிருக்கும் தமிழர் பலர் இந்நிலையில் உள்ளனர். காமன்வெல்த் நாட்டினர் என்பதால் அவர்கள் மன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். கவுன்சில் வரியையும் முழுதாகச் செலுத்துகின்றனர். தனியாளுக்கான கால்பங்குக் கழிவு அவர்களுக்கும் உண்டு. வருமானம் நின்றுபோனால் கிடைக்க வேண்டிய குறைப்பு மட்டும் குடிவரவு விதிகளில் பொதுநிதி என்று பட்டியலிடப்பட்டிருப்பதால், அதை அவர்கள் கேட்பதே விசாவுக்குத் தீங்காகும். வரி விதிக்கும்போது விசாவைப் பாராத அரசு, வரியைத் திருத்தும்போது மட்டும் அதைப் பார்க்கிறது.