தராசும் செபப் புத்தகமும்



செபிக்கும்போது பராக்கு வருவது பாவமா என்று பலர் கேட்கிறார்கள். பிளாமிய ஓவியர் குவின்டன் மாசீஸ் 1514-ம் ஆண்டு தீட்டிய படம் ஒன்று இதைச் சிந்திக்க நமக்கு உதவும். அது பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

காசுக்கடைக்காரர் ஒருவர் மேசையின் முன் அமர்ந்து, சிறு தராசில் காசு நிறுக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி செபப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறாள். அதன் ஏட்டில் தேவமாதாவும் திருப்பாலனும் காணப்படுகிறார்கள். ஏடு அவள் விரல்களில் இருக்கிறது. கண்களோ காசின்மேல் போய்விட்டன.

கணவரை உடனே குற்றவாளி என்று தீர்த்துவிடாதீர்கள். ஓவியர் வாழ்ந்த அன்ட்வெர்ப் துறைமுக நகரில் பல தேசத்துக் காசுகள் புழங்கின. அவற்றுள் ஓரம் சுரண்டப்பட்டவையும் உண்டு. ஆகவே நிறுத்துப் பார்ப்பது தொழிலுக்கு அவசியமே. தராசும் எடைக்கற்களும் நேர்மையாய் இருக்கவேண்டும் என்ற லேவியராகமக் கட்டளை இப்படத்தின் சட்டத்தில் ஒருகாலத்தில் எழுதப்பட்டிருந்ததாக 17-ம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. ஆதலால் பிழைப்பும் செபமும் ஒரே மேசையில் இருப்பதில் தவறில்லை.

மனைவியின் காரியம் என்ன? நினையாமல் வருகிற பராக்கு பாவமல்ல. அது மனித பலவீனம். அறிந்தும் மனம்பொருந்தி அதில் தங்கிவிடுவதே குற்றம். ஏடு இன்னும் அவள் கையில் இருக்கிறது. கண்கள் திரும்பிவர வழியும் இருக்கிறது.

இனி வேறொரு படத்தைப் பாருங்கள். மரினுஸ் என்னும் ஓவியர் இதே காட்சியைப் பலமுறை தீட்டினார். அவற்றுள் 1539-ம் ஆண்டுப் படம் மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே தம்பதிகள், அதே தராசு. ஆனால் மனைவியின் கையில் இருப்பது செபப் புத்தகமல்ல, கணக்குப் புத்தகம்! இவளுக்குப் பராக்கே இல்லை. கண்ணும் கருத்தும் ஒன்றாய் இருக்கின்றன. திரும்பிவருவதற்குத்தான் அந்த மேசையில் ஒன்றுமில்லை.

ஆகவே பராக்கை நினைத்து வருந்துகிறவன் நம்பிக்கை இழக்க வேண்டாம். திரும்பிவர இடம் உண்டென்று அறிந்தவனே வருந்துகிறான். அந்த வருத்தமும் அற்றுப்போன நாளுக்கே நாம் அஞ்சவேண்டும்.

இன்றிரவு குடும்ப செபமாலையின்போது, உங்கள் மனம் கடைக்கோ, கடனுக்கோ, பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கோ ஓடினால் கலங்காதீர்கள். ஓடிய மனத்தை அழைத்துவந்து, விட்ட மணியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.