கெப்பெட்டிப்பொல என்ற ஊர்

வெலிமடைப் பக்கம் கெப்பெட்டிப்பொல என்று ஓர் ஊர். மரக்கறிச் சந்தைக்குப் பேர்போனது. மொத்த விலை சொல்கிறவர்கள் தம்புள்ளையோடு சேர்த்து இந்த ஊரையும் சொல்வார்கள். உருளைக்கிழங்கு, போஞ்சி, கரட், லீக்ஸ் என்று மூட்டை ஏற்றும் நாட்டாமைகளுக்கும் லொறிக்காரர்களுக்கும் அந்தப் பெயர் அன்றைய விலையோடு ஒட்டிக்கொண்டது. "கெப்பெட்டிப்பொலயில என்ன விலை போகுது?" என்று கேட்கிறவருக்கு, 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டி போகம்பரையில் தலை வெட்டப்பட்ட மனிதர் நினைவுக்கு வரமாட்டார். இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. மனிதரின் பெயர் ஊராகிவிட்டால் அதற்குள் பிள்ளை பிறக்கிறது, கலியாணம் நடக்கிறது, மழை அதிகமானால் கிழங்கு அழுகுகிறது. வெயிலில் சிலையாக நிற்பதைவிட இது மேலான வாழ்வு.

*

மொனரவில கெப்பெட்டிப்பொல. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிரதானிகளில் அவரும் ஒருவர். ஊவாவை நிர்வகிக்கும் திசாவையாக அவர்களுக்குக் கீழே பதவி பார்த்தவர். 1817இல் ஊவாவின் வெல்லஸ்ஸவில் கிளர்ச்சி மூண்டது. பதுளையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த சில்வெஸ்டர் வில்சன் அங்கே போனபோது அம்பு பட்டு இறந்தார். அடக்கிவிட்டு வரும்படி ஆளுநர் பிரவுன்றிக் அனுப்பியது கெப்பெட்டிப்பொலயைத்தான். போனவர் கிளர்ச்சியாளரோடு சேர்ந்து அவர்களுக்குத் தலைவரானார். கையிலிருந்த அரசாங்கத் துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டே சேர்ந்தார் என்று ஊவாவில் இன்றும் சொல்வார்கள்.

அவருடைய வாழ்வில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது சாவை அல்ல, அந்தப் பயணத்தை. கையெழுத்துப் போட்ட கை. சம்பளம் வாங்கிய பதவி. பின்னால் வரும் ஆட்கள். மலைப்பாதையில் நடக்க நடக்க ஒரு மனம் திரும்பியிருக்கிறது. பிறவியிலேயே வீரனாக இருந்தவரைவிட, ஒரு முறை பணிந்துபோய்ப் பிறகு நிமிர்ந்தவர் எனக்கு நெருக்கமானவர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பணிவு என்றால் என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை. துரை வரும் பாதையில் தலைத்துண்டை இறக்கிக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்ற தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள்.

*

அந்தக் கிளர்ச்சி அரசனாக ஏற்றுக்கொண்டவரின் பெயர் துரைசாமி.

உண்மையில் அவர் வில்பாவே என்ற சிங்களவர். காவி உடுத்துப் பிறகு களைந்தவர். ஆனால் நாயக்கர் வம்சத்து இளவரசன் துரைசாமி என்றே தம்மை அறிவித்துக்கொண்டார். ஊவா மக்கள் அந்தப் பெயரின் பின்னால் திரண்டார்கள். பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்ட கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணசாமி. அந்த வம்சத்தின் வாரிசு என்றால் இங்கே மதிப்பு இருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மலையில் சிங்களக் குடியானவன் தன் அரசனுக்குத் துரைசாமி என்ற பெயரை விரும்பியிருக்கிறான் என்பதை எங்கள் பள்ளிக்கூடங்களில் யாராவது அழுத்திச் சொன்னால் நன்றாயிருக்கும்.

முள்ளையும் சொல்லிவிட வேண்டும். கிளர்ச்சிக்குப் பல காரணங்கள். அவற்றில் ஒன்று, வெல்லஸ்ஸவில் ஹாஜி என்ற முஸ்லிம் ஒருவருக்கு ஆங்கிலேயர் அதிகாரம் கொடுத்தது. அவரைக் கிளர்ச்சியாளர் பிடித்துக் கொன்றார்கள். வீரர் பெயரை வாயாரச் சொல்லும்போது இவரையும் நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது. நினைத்த பிறகும் கெப்பெட்டிப்பொலயின் மேல் எனக்குள்ள மரியாதை குறையவில்லை. கொஞ்சம் கனத்துப்போகிறது, அவ்வளவுதான்.

*

பிரவுன்றிக்கின் படை ஊவாவை எரித்தது. வீடு, நெல், பழமரம், மாடு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. வயலும் குளமுமாக இருந்த வெல்லஸ்ஸ பாழடைந்தது. 1818 ஒக்டோபர் கடைசியில் அனுராதபுரப் பக்கம் கெப்பெட்டிப்பொல பிடிபட்டார். ஒரு மாதத்துக்குள் தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள். படை வைத்தியரான ஹென்றி மார்ஷல் அவருடைய மண்டையோட்டை எடுத்துப்போய் எடின்பரோவில் மண்டையோட்டு ஆராய்ச்சிச் சங்கத்தாரிடம் கொடுத்தார். அது 1954இல்தான் நாடு திரும்பியது. கண்டியில் அவருடைய நினைவுச் சின்னத்தில் இப்போது இருக்கிறது.

1840இல் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் முடிக்குச் சொந்தமாக்கிய சட்டம். கோப்பிக்கு நிலம் கிடைத்தது. ஆள் வேண்டுமே. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து, வழியில் செத்தவர்களை அங்கங்கே விட்டுவிட்டு, எங்கள் முன்னோர் மலையேறினார்கள். ஊவாவின் கிராமத்தவனிடம் கேட்டால் தோட்டத்துத் தமிழன் தன் நிலத்தில் வந்து குந்தியவன் என்பான். அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவன் பாட்டன் வீட்டை எரித்ததும், என் பாட்டனைக் கங்காணியின் துண்டுக் கடன் கணக்கில் கட்டிப்போட்டதும் ஒரே ஆட்சி. இந்த ஒன்றை இரண்டு பக்கமும் சேர்ந்து சொல்லிக்கொள்ள இன்னும் ஒரு மேடை அமையவில்லை. கெப்பெட்டிப்பொல என்ற பெயர் அந்த மேடையாகலாம் என்று நம்புகிறேன்.

*

ஆங்கிலேயர் விட்டுப்போன பெயர்களும் இங்கே உண்டு. பதுளை நகரத்தில் சென் மார்க்ஸ் தேவாலயம் இருக்கிறது. அது மேஜர் ரொஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று சொல்லப்படும் அதிகாரி. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். தம்பேத்தன்னைக்கு மேலே லிப்டன் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த இடம் லிப்டன் சீட். கிளெனனோர், எய்ஸ்லபி, ஸ்பிரிங்வெலி என்று தோட்டங்கள். 1975இல் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளிடம் போனபோதும் பெயர்கள் அப்படியே நின்றன.

பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். 2005இல் நிறுவப்பட்டது. தனி ஒருவர் பெயரை வைக்காமல், எரிந்த நிலத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பதுளையில் வைக்கப்பட்ட பெயர்களில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். லயத்துக் காம்பராவில் படித்த பிள்ளைகளும் அந்தப் பெயர் அச்சிட்ட பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

தோட்டத்துக்குள் சனம் வைத்த பெயர்கள் தனி. கோயில் மலை, பங்களா மலை, ஆத்தோர மலை. கொழுந்துக்குப் போகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்தவை. எந்த வரைபடத்திலும் ஏறாதவை.

*

1818 ஜனவரியில் பிரவுன்றிக் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கெப்பெட்டிப்பொல உள்ளிட்ட பத்தொன்பது பேர் துரோகிகள், உடைமைகள் பறிமுதல். 2016 டிசம்பரில் இலங்கை ஜனாதிபதி அதை இரத்துச் செய்து, அந்தப் பத்தொன்பது பேரையும் தேசிய வீரர்களாக அறிவித்தார். இடையில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு ஆண்டுகள். ஊருக்கு அவர் பெயர், வீதிக்கு அவர் பெயர், மாத்தளைப் பக்கம் அக்குரம்பொடையில் பாடசாலைக்கு அவர் பெயர். ஆனால் காகிதத்தில் மட்டும் துரோகி.

காகிதத்தின் பலம் எங்களுக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் ஏழெட்டு இலட்சம் பேர் ஒரே நாளில் நாடற்றவர்களானார்கள். கொழுந்தும் நிற்கவில்லை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டும் நிற்கவில்லை; ஆள் மட்டும் இந்த நாட்டுக்காரர் இல்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் எங்களைத் தொகை போட்டுப் பிரித்தார்கள்: ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் அங்கே, மூன்று இலட்சம் இங்கே, மிச்சம் பிறகு பார்க்கலாம். பதுளை ஸ்டேஷனில் ஏறித் தலைமன்னாருக்குப் போனவர்களை வழியனுப்பிய அழுகையை அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். மிஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை தர 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, காத்திருந்தவர்களில் பலர் ஏற்கெனவே தேயிலைக்கடியில்.

துரோகி என்று எழுதியதும் அந்நியன் என்று எழுதியதும் வேறு வேறு அரசுகள். பின்னதை எழுதியது சுதந்திர நாடு. என்னால் எளிதில் தாண்டிப்போக முடியாத இடம் இது.

*

எங்கள் வீரர்கள் பெயர்ப்பலகையில் இல்லை, தொண்டையில் இருந்தார்கள். பொன்னர் சங்கர் கூத்தைக் கொங்கு நாட்டிலிருந்து தூக்கிவந்து, விடிய விடிய ஆடினார்கள். மலையகத்தின் முதல் தியாகி முல்லோயா கோவிந்தனை ஜனவரி 10 தோறும் நினைக்கிறோம். 1940இல் பொலிஸ் சுட்டு இறந்தவர்.

அதே 1940இல் பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்து ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழுவைக் கேட்டு நடப்பதாகத் துரை ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. அடக்க வந்த பொலிஸாரிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தார்கள். சமசமாஜக் கட்சியின் வரலாற்றை எழுதியவர்கள் இதைப் பெருமையோடு குறித்திருக்கிறார்கள். அதில் தலைவர்களுக்குப் பெயர் உண்டு. குழுவில் இருந்தவர்கள் தொழிலாளர்கள் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்.

ஆட்களின் பெயர் கிடைக்காத இடத்தில் நிலத்தின் பெயர் எல்லோரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். பல்கலைக்கழகத்துக்கு அப்படித்தானே வைத்தார்கள். பதுளையில் தோட்டப் பிள்ளைகளுக்கென்று ஒரு வாசிகசாலை கட்ட யாருக்காவது மனம் வந்தால், வெவெஸ்ஸ வாசிகசாலை என்று பெயர் வைக்கச் சொல்லுவேன். தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். கீழே 1940 என்று ஆண்டும் போட வேண்டும்.